முழு மின்சார வீடு: டெல்டாவில் புது வீடு கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் வீட்டுக்கு வரைபடம் போட்டு, அனுமதி வாங்கி, வேலையை முடித்துக் கொடுப்பது என் தொழில். கொஞ்ச நாளாக மனை பார்க்கப் போகும் இடமெல்லாம் ஒரே மாதிரி சந்தேகம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஏதோ சொல்லியிருப்பான், இல்லை 'காஸ் அடுப்புக்குத் தடை' என்று போனில் ஏதாவது வந்திருக்கும். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

முழு மின்சார வீடுன்னா என்ன சார்? எல்லா வீட்டிலயும்தான் கரண்ட் இருக்கே?

கரண்ட் இருப்பது வேறு, கரண்ட் மட்டுமே இருப்பது வேறு. சமையல், வெந்நீர், குளிர் நாடு என்றால் அறையைச் சூடாக்குவது, இதில் எதற்கும் எரிவாயுவோ எண்ணெயோ விறகோ வீட்டுக்குள் எரியாத கட்டடத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கட்டும்போதே காஸ் குழாய் போடாமல் விட்டுவிடுவார்கள்.

ஒன்றை முதலிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். குளிர் நாடுகளில் இதில் பெரிய பங்கு அறையைச் சூடாக்கும் இயந்திரத்துக்கும் வெந்நீருக்கும்தான், அடுப்பு சின்ன விஷயம். நமக்கு மார்கழியிலும் ஹீட்டர் தேவையில்லை. அதனால் தஞ்சாவூர்க்காரருக்கு இந்தப் பேச்சு அடுப்பு, வெந்நீர் என்ற இரண்டோடு முடிந்துவிடுகிறது. அங்கே போட்ட கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

என் பையன் கலிஃபோர்னியாவுல வீடு வாங்குறான். அங்க புது வீட்டுக்குக் காஸ் லைனே கொடுக்க மாட்டாங்களாமே, நிஜமா?

பாதி நிஜம். 2019-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகராட்சிதான் அமெரிக்காவிலேயே முதலில் புதுக் கட்டடங்களில் எரிவாயுக் குழாய் போடக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2020 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கலிஃபோர்னியா உணவகங்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று சொல்லிவிட்டது. சாதனங்கள் எவ்வளவு ஆற்றல் பயன்படுத்தலாம் என்பதை 1975-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது, அதைத் தாண்டி ஒரு நகராட்சி விதி போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 2024-இல் பெர்க்லி தன் விதியைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது.

எதிர்த் திசையிலும் வேலை நடந்தது. 2020-இல் அரிசோனா மாநிலம், எந்த ஊராட்சி அமைப்பும் எரிவாயுவைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது, அப்புறம் பல மாநிலங்கள் அதே வழியில் போயின. ஆகவே உங்கள் பையன் கேள்விப்பட்டது அவன் ஊரைப் பொறுத்து உண்மையாகவும் இருக்கலாம், பழைய செய்தியாகவும் இருக்கலாம்.

தடை செல்லாதுன்னா வேற எப்படித்தான் மக்களைக் கரண்ட் பக்கம் தள்ளுறாங்க?

இதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி. 'கூடாது' என்று சொல்லாமலே தள்ளும் வழிகள் நிறைய இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மாநில விதியை விடக் கடுமையான சிக்கன விதியை நகராட்சிகள் தாங்களே போட்டுக்கொள்ள வழி இருந்தது. காஸும் வேண்டும் என்றால் சூடும் குளிரும் ஊடுருவாத சுவர்க் காப்பு, சோலார் என்று கூடுதலாகச் செய்து காட்டு, மின்சாரம் மட்டும் என்றால் சாதாரண விதியே போதும் என்று எழுதினார்கள். 2025-இல் ஒரு மாநிலச் சட்டம் வந்து, குடியிருப்புகளுக்கு இப்படிப் புது விதி போடுவதை 2031 வரை பெரும்பாலும் நிறுத்தி வைத்துவிட்டது.

இன்னொன்று பணம். புது வீட்டுக்குக் காஸ் குழாய் நீட்டும் செலவில் ஒரு பகுதியை முன்பு எல்லா வாடிக்கையாளர் தலையிலும் பரப்பிப் போடுவார்கள். 2023 ஜூலையிலிருந்து அந்தச் சலுகை அங்கே கிடையாது, குழாய் வேண்டுமென்றால் கட்டுகிறவர் செலவு. மூன்றாவது, 2023-இல் நடைமுறைக்கு வந்த மாநில விதிப்படி காஸ் அடுப்பே வைத்தாலும் பக்கத்தில் மின் அடுப்புக்கான வயரைக் கட்டும்போதே இழுத்து வைத்துவிட வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் நான் நம் ஊருக்கு எடுத்துக்கொள்வேன், கீழே வயரிங் கேள்வியில் சொல்கிறேன்.

நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. 2021-இல் போட்ட உள்ளூர்ச் சட்டம், எரிபொருள் வெளியிடும் கார்பனுக்கு, எரிவாயு எரித்தால் தாண்டிவிடும்படியான ஒரு வரம்பு வைத்தது. ஏழு மாடிக்குக் குறைந்த புதுக் கட்டடங்களுக்கு 2024-இலிருந்து, உயரமானவற்றுக்கு 2027-இலிருந்து. நெதர்லாந்து 2018 ஜூலையிலிருந்தே புது வீடுகளுக்கு எரிவாயு இணைப்பை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரியிலிருந்து, திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்கு எரிவாயு கிடையாது.

நம்ம தமிழ்நாட்டுல இப்படி ஏதாவது வந்திருக்கா? பிளான் அப்ரூவல்ல மாட்டிக்குமா?

மாட்டாது. நம் அனுமதி எல்லாம் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி நடக்கிறது. அதில் காஸ் அடுப்பு கூடாது என்று எதுவும் இல்லை. மத்திய அரசைப் பார்த்தால் ஒரு பக்கம் ஊர் ஊராகக் குழாய் எரிவாயு கொண்டுவர உரிமம் கொடுக்கிறது, இன்னொரு பக்கம் 2021-இல் மின்சாரத்துக்கு மாறுங்கள் என்று பிரசாரம் தொடங்கியது, 2023-இல் 20 லட்சம் இன்டக்ஷன் அடுப்புத் திட்டம் ஒன்றையும் அறிவித்தது. இரண்டு வண்டியும் ஒரே ரோட்டில் போகிறது.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு நல்ல வசதி, நானும் நிறைய வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் வயர் என்ன கனம், எத்தனை பிளக் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையதும் உங்கள் வயர்மேனுடையதும்தான்.

சிலிண்டரை விட்டுட்டு இன்டக்ஷன் மட்டும் வச்சா காசு மிச்சமாகுமா, கூடுமா? நேராச் சொல்லுங்க.

நேராகச் சொன்னால், உங்கள் வீட்டில் இப்போது ஓடும் யூனிட்டைப் பொறுத்தது. 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. காஸ் அடுப்பில் அதில் பத்தில் ஆறு பங்கு பாத்திரத்துக்குப் போனால் நாலு பங்கு காற்றோடு போகும். இன்டக்ஷனில் பத்தில் எட்டரைப் பங்கு பாத்திரத்துக்கே போகும். கூட்டிக் கழித்தால் ஒரு சிலிண்டர் சமையலுக்கு 125 யூனிட் பிடிக்கும்.

மாதம் ஒரு சிலிண்டர் வாங்கும் குடும்பத்துக்கு, நம் இரண்டு மாத பில்லில் இது 250 யூனிட் கூடுதல். இப்போது 250 ஓடுகிற வீடு 500-இல் போய் நிற்கும். 2024 கட்டண விகிதத்தில் பில் சுமார் 1,350 ரூபாய் கூடும். 2025-இல் சிலிண்டர் விலை 870 ரூபாய் அளவில், இரண்டுக்கு 1,740. அதாவது மிச்சம். ஆனால் ஏற்கெனவே 450 ஓடுகிற வீடு 700-க்குப் போகும், அங்கே பில் சுமார் 2,350 கூடிவிடும். அதாவது நஷ்டம். 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட் எட்டரை, ஒன்பதரை ரூபாய் என்று ஏறுவதோடு, கீழே இரண்டாவது நூறுக்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடுகிறது. ஏசி ஓடுகிற வீட்டில் சித்திரை, வைகாசியில் சிலிண்டரை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மின்சார அடுப்பு வச்சா அந்த நூறு யூனிட் இலவசத்தை எடுத்துருவாங்களா?

எடுக்க மாட்டார்கள். அது எல்லா வீட்டு இணைப்புக்கும் உண்டு. மேலே போட்ட கணக்கில் அதையும் கழித்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

போர்செட் கொட்டகைல இலவச கரண்ட் இருக்கே, அங்கேயே ஒரு அடுப்பைப் போட்டுக்கிட்டா?

வேண்டாம். அது பாசனத்துக்குக் கொடுத்த இணைப்பு. வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் மின் திருட்டுக் கணக்கில் வரும், பிடித்தால் இணைப்பே போகலாம். ஒரு ரசத்துக்காக வயலைக் காயப் போடாதீர்கள்.

கஜா மாதிரி ஒரு புயல் வந்தா என்ன பண்றது? அப்ப கரண்ட் மட்டும் நம்பியிருந்தா பட்டினிதானே?

நியாயமான பயம். கேட்டவர் வேதாரண்யத்துக்காரர். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நகரங்களுக்குச் சில நாளில் கரண்ட் வந்தாலும் உள் கிராமங்களுக்கு வாரக்கணக்கில் ஆனது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றவே ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அப்போது சிலிண்டர் இருந்த வீட்டில் உலை கொதித்தது.

அதனால் கடலோர டெல்டாவில் காஸே கூடாது என்று யாராவது விதி கொண்டுவந்தால் நான் எதிர்ப்பேன். நியூயார்க் சட்டத்திலேயே ஆஸ்பத்திரிக்கும் அவசர ஜெனரேட்டருக்கும் விலக்கு வைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒரு சிலிண்டரும் ஒற்றை பர்னர் அடுப்பும் மூலையில் இருக்கட்டும். இணைப்பை ஒப்படைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தினசரிச் சமையல் கரண்டில், ஐப்பசி, கார்த்திகைக்குச் சிலிண்டர் கைவசம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சிலிண்டர் பல மாதம் வரும்.

மாடியில சோலார் போட்டுட்டோம்னா கரண்ட் போனாலும் சமைக்கலாம்தானே?

அநேகமாக எல்லோரும் நம்பும் விஷயம், ஆனால் தப்பு. மானியத்தில் போடுவது பெரும்பாலும் மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடும் வகை. கம்பியில் கரண்ட் இல்லையென்றால் அது தானாக நின்றுவிடும். ரோட்டில் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற மனுஷனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நடுப்பகல் வெயில் கொளுத்தினாலும் அடுப்பு எரியாது. பேட்டரியோடு சேர்ந்த அமைப்பு போட்டால்தான் உண்டு, அதற்கு விலை வேறு.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். சாதாரண 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் முழுசாக இருந்தாலே 1.8 யூனிட்தான். இன்டக்ஷன் முழு வேகத்தில் 2,000 வாட் இழுக்கும். நாம் வாங்கி வைத்திருக்கும் 900 வி.ஏ. இன்வெர்ட்டர் அதைத் தூக்காது, பீப் அடித்து நின்றுவிடும்.

சோலார் பில்லுக்குத்தான் லாபம். மூன்று கிலோவாட் போட்டால் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கும். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம். பகலில் கம்பிக்கு அனுப்பியதைக் காலை இட்லிக்கு எடுத்த யூனிட்டோடு கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 450 யூனிட் வீட்டுக்கு நஷ்டம் என்ற கணக்கு இதனால் தலைகீழாக மாறிவிடும். தென்னை நிழல் விழாத மாடியாக இருக்க வேண்டும், டெல்டாவில் இதுதான் முதல் தகராறு.

எங்க அம்மா ஈயச்சொம்பையும் வெண்கலப் பானையையும் விட மாட்டாங்க. இன்டக்ஷன்ல ஏறுமா?

ஏறாது. இன்டக்ஷன் பாத்திரத்தின் அடியையே சூடாக்குவது, அதற்குக் காந்தம் ஒட்டுகிற உலோகம் வேண்டும். வெண்கலம், பித்தளை, செம்பு, வெறும் அலுமினியம், மண்சட்டி எதற்கும் வேலை செய்யாது. இரும்புத் தோசைக்கல் அருமையாக வேலை செய்யும், அடி தட்டையாக இருந்தால் போதும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எரியும்.

ஈயச்சொம்பு ரசம் வேண்டுமென்றால் ரசத்தைத் தனியாகக் கொதிக்க வைத்துச் சொம்பில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அம்மா ஒத்துக்கொள்வார்களா என்பது என் துறை இல்லை. இதற்கும்தான் அந்த மூலைச் சிலிண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெந்நீருக்கு கீசர் போதுமா, வேற ஏதாச்சும் போடணுமா?

சூரிய வெந்நீர்க் கலன் இன்னும் மலிவான வழிதான், மழைக்காலத்துக்கு மட்டும் உள்ளே மின் காயில் வைத்துக்கொள்ளலாம். ஹீட் பம்ப் என்று ஒன்று வந்திருக்கிறது. சுற்றியிருக்கும் காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம் வரும், நம் வெக்கைக்கு ரொம்பப் பொருத்தம். விலைதான் சிறு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. லாட்ஜ், ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

கரண்டே நிலக்கரியில தானே வருது? அப்புறம் இதுல என்ன சுற்றுச்சூழல்?

சரியான கேள்வி. ஒரு சிலிண்டர் எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே சமையலுக்கு 125 யூனிட் என்று பார்த்தோம். இந்தியாவின் சராசரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ அளவில் வெளியிடுகிறது, ஆகக் கிட்டத்தட்ட 90 கிலோ. இன்றைய தேதியில் கம்பிக் கரண்டில் சமைத்தால் புகை வீட்டுக்குள் குறைந்து ஊருக்கு வெளியே கூடுகிறது. கலிஃபோர்னியாவில் இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், அங்கே நிலக்கரி மிகக் குறைவு, அறைச் சூட்டுக்கும் ஹீட் பம்ப். அங்கே சரியான கொள்கை இங்கே இன்றைக்கே அப்படியே சரியாகிவிடாது.

அந்த நிலக்கரிக்காக 2023-இல் ஒரத்தநாடு பக்கம் வடசேரியையே சுரங்க ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள், எதிர்ப்புக்குப் பிறகுதான் எடுத்தார்கள். அதையும் மறக்கக் கூடாது. ஆனால் வீடு நாற்பது ஐம்பது வருஷம் நிற்கும், காற்றாலையும் சோலாரும் வருஷத்துக்கு வருஷம் கூடுகின்றன. வீட்டுக்குள் அடுப்புப் புகை இல்லாதது இன்றைக்கே கிடைக்கும் லாபம். சொந்தச் சோலார் இருந்தால் இந்தக் கேள்வியே பாதி தீர்ந்துவிடும்.

நம்ம மண்ணுக்கு அடியிலயே காஸ் கிடைக்குது. சிலிண்டரை நிறுத்தினா இங்க தோண்டுறதும் நிக்குமா?

நிற்காது, இரண்டும் வேறு வேறு. சிலிண்டரில் வருவது எல்.பி.ஜி., நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. காவிரிப் படுகையில் எடுப்பது கச்சா எண்ணெயும் இயற்கை எரிவாயுவும். அந்த எரிவாயுவை எரித்துத்தான் குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். அதாவது உங்கள் இன்டக்ஷன் அடுப்பில் அந்தக் காஸும் கொஞ்சம் இருக்கிறது.

2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊரே திரண்டது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புது எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது, ஏற்கெனவே ஓடுகிறவற்றைத் தொடவில்லை. அது நிலத்தின் வழக்கு. அடுக்களையை வைத்து அதைத் தீர்க்க முடியாது.

சரி, புது வீட்டுல இப்பவே என்னதான் பண்ணி வைக்கணும்?

இன்றைக்குக் காஸ் அடுப்பே வையுங்கள், ஆனால் வயரை இழுத்துவிடுங்கள். சமையலறை மேடைக்கு மெயின் போர்டிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன், தனி எம்.சி.பி. (பளு கூடினால் தானாக விழும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக் இரண்டு. வழக்கமாக மிக்ஸி பிளக்கிலிருந்தே ஒரு கொக்கி எடுத்து "இது போதும் சார்" என்பார்கள். இரண்டு அடுப்பு உள்ள இன்டக்ஷன் 3,500 வாட் இழுக்கும்போது அந்தக் கொக்கிதான் முதலில் கருகும். கீசருக்கும் ஏசிக்கும் அதே போலத் தனி லைன். மாடியிலிருந்து மீட்டர் போர்டுக்கு ஒரு காலிக் குழாய் விடுங்கள், நாளைக்குச் சோலார் கம்பி இறங்க. கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

இணைப்புக்கு எழுதும்போது டெபாசிட் குறையட்டும் என்று மின்பளுவைக் குறைத்துக் காட்டாதீர்கள், மும்முனை இணைப்பே கேளுங்கள். வாய்க்கால் கரை, தாழ்ந்த மனை என்றால் மீட்டர் போர்டையும் பிளக்குகளையும் வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேலே ஏற்றுங்கள். இத்தனைக்கும் பூச்சுக்கு முன்னால் செய்தால் சில ஆயிரம் ரூபாய்தான் கூடும். கிரானைட்டும் டைல்ஸும் ஒட்டின பிறகு உடைத்துச் செய்தால் பல மடங்கு, அதோடு ஒரு மாதம் தூசியும் சண்டையும்.

மெஸ், கல்யாண மண்டபம் கட்டுறோம், அங்கேயும் இதேதானா?

இல்லை. ஆயிரம் பேர் பந்திக்கு அண்டாவில் சாம்பார் வைக்கும் இடத்தில் 19 கிலோ சிலிண்டரை எடுக்கச் சொல்லி யாரும் சொல்ல மாட்டார்கள், வணிக இணைப்பின் கட்டணமும் வேறு. பெர்க்லி மேல் வழக்குப் போட்டவர்களே உணவகக்காரர்கள்தான். ஆனால் இட்லி ஸ்டீமர், பால் காய்ச்சும் கலன், கை கழுவும் வெந்நீர் இவற்றுக்கு லைன் விட்டு வைக்கலாம்.

நாங்க கிராம சபையில தீர்மானம் போட்டு எங்க ஊர்ல இதைக் கொண்டுவர முடியுமா?

காஸைத் தடுக்கும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது. தன் சொந்தக் கட்டடத்தை எப்படிக் கட்டுவது என்பதை மட்டும் அது வலியுறுத்தலாம். புது அங்கன்வாடி, சத்துணவுக் கூடம், சமுதாயக் கூடத்துக்கு மேலே சொன்ன வயரிங்கையும் மாடிச் சோலாரையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். மூன்றரை லட்சத்தில் கட்டும் கலைஞர் கனவு இல்ல வீடுகளுக்கும் சமையலறைக்கு ஒரு தனி லைன் கேளுங்கள், பணம் இறுக்கமான இடம் என்பதால் அதற்கு மேல் கேட்டால் நடக்காது. மதிப்பீடு தயாராகும் முன்பே ஒன்றியப் பொறியாளரைப் பார்த்துவிடுங்கள், டெண்டர் போன பிறகு போனால் "அடுத்த வேலையில பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும்.